மேல் வயிற்றில் கெட்டியான கட்டி: எதனால் வருகிறது, என்ன செய்ய வேண்டும்?

ஏற்காடு மலையிலிருந்து ஒருவர் தம் தந்தையாரைப் பற்றிக் கேட்டிருக்கிறார். காபித் தோட்டத்தில் வேலை செய்யும் 52 வயதுக்காரர். நெஞ்சுக்குழிக்குக் கீழே, நடு வயிற்றில், இரண்டு விரல் அகலத்துக்குக் கெட்டியாக ஏதோ சில மாதங்களாகக் கையில் தட்டுப்படுகிறது, வலி இல்லை. குடல் ஏறியிருக்கிறது என்று சொல்லி ஊரில் ஒரு பெரியவர் விளக்கெண்ணெய் போட்டு நீவிவிட்டிருக்கிறார், கட்டி குறையவில்லை. இது என்னவாக இருக்கும், மருந்தில் கரையுமா, அறுவைச் சிகிச்சை வேண்டியிருக்குமா என்பவை கேள்விகள். கடைசியில், அப்பா முன்பு போலச் சாப்பிடுவதில்லை, கொஞ்சம் இளைத்துவிட்டார் என்றும் எழுதியிருக்கிறார்.

சேலத்தில் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கட்டி கெட்டியாக இருப்பதை விடவும், அதில் வலி இல்லாததை விடவும், போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்தக் கடைசிச் செய்திதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மேல் வயிற்றுக் கட்டிகளில் பல ஆபத்தில்லாதவை. ஆனால் பசி குறைந்து, உடல் இளைத்து, கூடவே கட்டியும் இருக்குமானால், அது என்னவென்று தெரியும் வரை அதை ஆபத்தில்லாதது என்று யாரும் சொல்லக் கூடாது. ஆகவே இந்த வாரத்துக்குள்ளேயே ஒரு மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்து, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். மருந்தில் கரையுமா என்ற கேள்விக்கு விடை, கட்டி எந்த உறுப்பைச் சேர்ந்தது என்று தெரிந்த பிறகுதான் கிடைக்கும்.

முதலில் தெரிய வேண்டியது, கட்டி வயிற்றுச் சுவரில் இருக்கிறதா, வயிற்றுக்குள்ளே இருக்கிறதா என்பது. இதை ஓரளவு வீட்டிலேயே பார்க்கலாம். அவரை மல்லாந்து படுக்க வைத்து, முழங்கால்களை மடக்கச் சொல்லி, வயிறு தளர்ந்த பிறகு கட்டியின் மேல் கையை மெதுவாக வையுங்கள். பிறகு தலையையும் தோளையும் மட்டும் படுக்கையிலிருந்து சற்றுத் தூக்கச் சொல்லுங்கள். அப்போது வயிற்றுத் தசை இறுகும். கட்டி முன்பு போலவே தெரிந்தாலோ இன்னும் எடுப்பாகத் தெரிந்தாலோ அது சுவரில் இருப்பது. தசைக்குப் பின்னால் மறைந்துபோனால் உள்ளே இருப்பது. அடுத்து, மூச்சை ஆழமாக இழுத்துவிடச் சொல்லிப் பாருங்கள். கல்லீரல், மண்ணீரல், பித்தப்பை ஆகியவை உதரவிதானத்தை ஒட்டி இருப்பதால், மூச்சை இழுக்கும்போது அவற்றில் உள்ள கட்டி கீழே இறங்கி வருவது கைக்குத் தெரியும். கணையத்திலிருந்து வரும் கட்டி பெரும்பாலும் அசையாது. இந்தச் சோதனை மருத்துவரிடம் சரியாகச் சொல்வதற்குத்தான் உதவும். வீட்டிலேயே முடிவு கட்டிவிடுவதற்கு அல்ல. ஒருமுறை பார்த்தால் போதும், தினமும் அழுத்திப் பார்க்க வேண்டாம்.

கட்டியே அல்லாத ஒன்றைக் கட்டி என்று நினைத்து அஞ்சி வருபவர்களும் உண்டு. மார்பெலும்பின் அடி நுனியில் ஸைஃபாய்டு என்ற சிறிய துண்டு இருக்கிறது. இளம் வயதில் அது குருத்தெலும்பாக இருந்து, 40 வயதை ஒட்டி எலும்பாகக் கெட்டிப்படுகிறது. சிலருக்கு அதன் நுனி முன்பக்கமாக வளைந்திருக்கும். உடல் இளைக்கும்போது மேலே இருந்த கொழுப்பு குறைந்து, அது திடீரென முளைத்தது போலக் கையில் தட்டுப்படும். அம்மாப்பேட்டையில் தறி நெய்யும் ஒருவர், படமரத்தின்மேல் குனியும்போதெல்லாம் நெஞ்சுக்குழியில் ஏதோ குத்துகிறது என்று வந்தார். எக்ஸ்ரேயில் அந்த நுனிதான் வளைந்து நின்றது. விளக்கிச் சொன்னதும் பாதி வலி போய்விட்டது என்றார். ஆனால் இந்த எலும்பு நுனி விலா எலும்புகள் கூடும் இடத்திலேயே, அசையாமல் இருக்கும். அங்கிருந்து மூன்று, நான்கு விரல் கீழே தட்டுப்படுவதை அதன் கணக்கில் எழுத முடியாது. உடல் உழைப்பு மிகுந்த ஒல்லியான ஆண்களுக்கு வயிற்றுத் தசையின் கண்டங்களும் கட்டி போலத் தோன்றும்; முழங்காலை மடக்கிப் படுத்தால் அது தளர்ந்து காணாமல் போகும்.

சுவரில் உண்மையாகவே தோன்றுபவற்றில் மேல் வயிற்றுக் குடலிறக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூட்டை தூக்கும் வேலை செய்பவர்களிடம் முதலில் நினைக்க வேண்டியது அதுவே. வயிற்றின் நடுக்கோட்டில் இரு பக்கத் தசைகளும் சேரும் வெண்ணிற நாரிழைப் பட்டை ஒன்று உண்டு. அதில் சிறு விரிசல் ஏற்பட்டு, உள்ளிருக்கும் கொழுப்பு அதன் வழியே பிதுங்கி வருவதே இந்தக் குடலிறக்கம். பெயரில் குடல் இருந்தாலும், தொப்புளுக்கு மேலே வருவதில் பெரும்பாலும் குடல் இருப்பதில்லை, கொழுப்புதான் இருக்கும். இருமினாலும் முக்கினாலும் புடைக்கும், படுத்தால் உள்ளே போகும். உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டால் சிறிதாக, கெட்டியாக, தொட்டால் சுரீரென வலிப்பதாக இருக்கும். அளவில் ஒரு பட்டாணி போல இருந்துகொண்டே, சாப்பிட்டவுடன் வயிற்றுப்புண் போன்ற வலியைக் கொடுத்து, ஆண்டுக்கணக்காக அமிலத்துக்கான மாத்திரையைச் சாப்பிட வைப்பதும் உண்டு. இது மருந்தில் கரையாது, பெல்ட் கட்டினாலும் மூடாது. தொந்தரவு தந்தால் அறுவைச் சிகிச்சைதான் வழி: சிறிய விரிசலைத் தையலிட்டு மூடுவார்கள், பெரியதற்கு வலை வைத்துத் தைப்பார்கள். பழைய அறுவைத் தழும்பு இருக்கும் இடத்தில் புடைத்தாலும் இதே கணக்குத்தான்.

இதோடு குழப்பிக்கொள்ளப்படுவது ஒன்று உண்டு. பல பிரசவம் கண்ட பெண்களுக்கும், தொப்பை உள்ள ஆண்களுக்கும், படுக்கையிலிருந்து எழும்போது நடு வயிற்றில் நீளமாக மேடு தட்டும். தசைகள் விலகியதால் வரும் அதில் விரிசல் இல்லை, எதுவும் சிக்கிக்கொள்ளாது. உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும் பெரும்பாலோருக்குப் போதும். தோலுக்கடியில் வழுக்கிக்கொண்டு நகரும் மென்மையான கொழுப்புக் கட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேகமாக வளராத வரை அதை விட்டுவிடலாம்.

இனி உள்ளே இருப்பவை. வலது விலாவின் கீழேயும் நடுவிலும் தட்டுப்படுவது கல்லீரலாக இருக்கலாம். அதன் இடது மடல் வீங்கினால், மிகச் சரியாக இந்தக் கேள்வியில் சொன்ன இடத்தில்தான் தெரியும். கொழுப்பு படிந்த கல்லீரல் வழவழப்பாக இருக்கும். மதுவாலோ மஞ்சள் காமாலைக் கிருமிகளாலோ சுருங்கித் தழும்பேறிய கல்லீரல் கெட்டியாக, முடிச்சு முடிச்சாக இருக்கும். புற்றுநோய், அது கல்லீரலிலேயே தோன்றியதானாலும் வேறிடத்திலிருந்து பரவியதானாலும், கல்லைத் தொடுவது போல இருக்கும். காரணத்தைப் பொறுத்துச் சிகிச்சை முற்றிலும் மாறும். கொழுப்புக் கல்லீரலுக்கு எடையும் சர்க்கரையும் கட்டுக்குள் வர வேண்டும். ஹெபடைடிஸ் சி கிருமியை இப்போது பெரும்பாலும் 12 வார மாத்திரையிலேயே ஒழித்துவிடலாம். ஹெபடைடிஸ் பி கிருமியை முழுவதும் ஒழிக்க இயலாவிட்டாலும் அடக்கி வைக்கலாம். 2018இல் தொடங்கிய தேசியக் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இரண்டுக்கும் அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். கல்லீரலிலேயே தோன்றிய புற்றுநோய் சிறியதாக இருக்கும்போதே கண்டால், வெட்டி எடுக்கவும், ஊசி வழியே சுட்டு அழிக்கவும், தகுந்தவர்களுக்குக் கல்லீரல் மாற்றவும் வழி இருக்கிறது.

காய்ச்சலும் குளிரும் வந்து, வலது மேல் வயிறு தொட முடியாமல் வலிக்குமானால், கல்லீரலில் சீழ் கோத்திருக்கலாம். அசுத்தமான தண்ணீர், உணவு வழியே குடலுக்குள் போகும் அமீபா, இரத்தத்தின் வழியாகக் கல்லீரலுக்குச் சென்று இதை உண்டாக்குகிறது. மது அருந்தும் நடுத்தர வயது ஆண்களிடம் இது மிகுதி. பார்க்கப் பயமாக இருந்தாலும் நன்றாகக் குணமாகும் நோய் இது. 7 முதல் 10 நாள் மெட்ரோனிடசோல், அதன்பின் குடலில் மிச்சமிருக்கும் கிருமியை அழிக்க வேறொரு மருந்து, சீழ் பெரிதாக இருந்தால் ஸ்கேன் பார்த்தபடி ஊசியால் எடுத்துவிடுதல், அவ்வளவுதான். இடது மடலில் உள்ள சீழ் இதய உறைக்குள் உடையக்கூடும் என்பதால் அதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. ஆடு வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: அறுத்த ஆட்டின் ஈரலையும் நுரையீரலையும் நாய்க்குப் போடும் பழக்கம் உள்ள இடங்களில், நாயின் குடலில் வளரும் நாடாப்புழுவின் முட்டை மனித வயிற்றுக்குள் போய்க் கல்லீரலில் நீர்ப்பை போல ஆண்டுக்கணக்கில் வளரும். வலியே இராது. உறுதியான பந்து போலத் தட்டும். இதற்கு அல்பெண்டசோல் மாத்திரையும், பலருக்கு அறுவையும் வேண்டும். முன்னேற்பாடு இல்லாமல் இதில் ஊசியைக் குத்தினால், உள்ளிருக்கும் நீர் கசிந்து உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம். கட்டியைக் கண்டவுடன் ஊசி போட்டுப் பார்க்கும்படி மருத்துவரை யாரும் வற்புறுத்தக் கூடாது.

இடது விலாவின் கீழ் தட்டுவது பெரும்பாலும் மண்ணீரல். மலேரியா, கல்லீரல் சுருங்குவதால் அதற்குள் போகும் இரத்தக் குழாயில் ஏறும் அழுத்தம், தலசீமியா என்ற பரம்பரை இரத்தச் சோகை, சில வகை இரத்தப் புற்று ஆகியவை அதை வீங்கச் செய்கின்றன. நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றில் மண்ணீரல் தொப்புளையும் தாண்டி வளர்ந்திருக்கும். ஒரு காலத்தில் மருத்துவர்கள் கைவிரித்துவிட்ட அந்த நோயாளிகள், இமாடினிப் என்ற மாத்திரை வந்த பிறகு, தினமும் அதை விழுங்கிக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறார்கள். வீங்கிய மண்ணீரலில் சிறு அடி பட்டாலும் கிழிந்து உள்ளே இரத்தம் கொட்டும். வயிற்றை நீவிவிடுவதை நான் கடுமையாக எதிர்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

உங்கள் தந்தையார் விஷயத்தில் நான் முதலில் சோதித்துப் பார்க்க விரும்புவது இரைப்பையைத்தான். சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களிடம் நெடுங்காலமாக முன்வரிசையில் இருந்துவருவது இரைப்பைப் புற்று. அது மேல் வயிற்றின் நடுவில் கெட்டியான, மேடுபள்ளமான கட்டியாகத் தெரியலாம். கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுவது, இறைச்சியின்மேல் வெறுப்பு, நேற்றுச் சாப்பிட்டது இன்று வாந்தியாக வருவது, தார் போலக் கறுத்த மலம், இரத்தச் சோகையால் மேடு ஏற முடியாமல் மூச்சு வாங்குவது ஆகிய எதுவும் இருக்கிறதா என்று கேளுங்கள். எஸ்டேட் சரிவில் முன்பு நிற்காமல் ஏறியவர் இப்போது இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஏறுகிறார் என்றால், வயது என்று அதை ஒதுக்காதீர்கள். இடது காறை எலும்புக்கு மேலே கழுத்தில் நெறி கட்டியிருந்தால் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். இதை உறுதி செய்வது, வாய் வழியே குழாய் விட்டு உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோபியும், அதன் வழியே எடுக்கும் சதைத் துணுக்கின் பரிசோதனையும். பரவாத நிலையில் மருந்துச் சிகிச்சையும் அறுவையும் சேர்ந்து குணப்படுத்த வாய்ப்பு உண்டு. இரைப்பைச் சுவரில் தோன்றும் இன்னொரு வகைக் கட்டிக்கு மேலே சொன்ன இமாடினிப் மாத்திரையே கேட்கும். ஆகவே புற்று என்ற சொல்லைக் கேட்டவுடன் சதைப் பரிசோதனையை வேண்டாம் என்று மறுத்து வீட்டுக்குத் திரும்புவது, குணமாகக்கூடியதையும் கைநழுவ விடுவதாகும்.

இளைப்பு, பசியின்மை, மாலைக் காய்ச்சல், வயிற்றில் கட்டி எல்லாம் சேர்ந்து புற்றைப் போலவே வேடமிடும் நோய் ஒன்று நம் நாட்டில் இருக்கிறது: வயிற்றுக் காசநோய். குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரை அதில் தடித்து, சுருண்டு, மேல் வயிற்றின் குறுக்கே கட்டியாக நிற்கும். பெரும்பாலும் 6 மாத மருந்திலேயே குணமாகிவிடும், மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. கேள்வியில் கேட்டது போல, கட்டி உண்மையிலேயே மருந்தில் கரைவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. ஆனால் அந்த மருந்தையும் சோதனை செய்யாமல் குத்துமதிப்பாகத் தொடங்குவது நல்லதல்ல.

கணையம் ஆழத்தில் இருப்பது. மதுவாலோ பித்தக் கல்லாலோ கணையம் அழன்று, தாங்க முடியாத வலியில் படுத்து எழுந்த சில வாரங்களுக்குப் பிறகு மேல் வயிறு உப்பினால், கணைய நீர் பையாகத் தேங்கியிருக்கலாம். அது தானாகவே வற்றுவதும் உண்டு. வலியோ வாந்தியோ கிருமித் தொற்றோ இருந்தால் எண்டோஸ்கோபி வழியாக இரைப்பைக்குள் வடித்துவிடுவார்கள். வலியில்லாமல் கண் மஞ்சளித்து, உடல் அரித்து, வலது விலாவின் கீழ் பித்தப்பை உருண்டையாகத் தட்டினால், காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். அது கல்லால் வந்த காமாலையாக இருப்பதை விடக் கணையத் தலையில் அல்லது பித்தக் குழாயில் புற்று அடைத்ததாக இருக்கும் வாய்ப்பே அதிகம். கட்டி இதயத் துடிப்போடு சேர்ந்து எல்லாப் பக்கமும் விரிந்து துடித்தால் அது பெருந்தமனியின் வீக்கமாக இருக்கலாம்; 60 வயதைத் தாண்டிய, புகைபிடிக்கும் ஆண்களிடம் இதைத் தேட வேண்டும். அதன் குறுக்களவு 5.5 சென்டிமீட்டரை எட்டினால் பொதுவாக அறுவை செய்வார்கள். ஒல்லியானவர்களுக்கு இயல்பான பெருந்தமனியே துடிப்பாகக் கைக்குத் தெரியும் என்பதால், ஸ்கேன் பார்க்காமல் பதற வேண்டாம்.

குழந்தைகளின் கட்டி தனிக் கதை. குளிப்பாட்டும்போது தாயின் கைக்குத் தட்டும் பக்கவாட்டுக் கட்டி சிறுநீரகப் புற்றாக இருக்கலாம். பெரும்பாலும் குணமாகிவிடக்கூடிய அதை, ஆளாளுக்கு அழுத்திப் பார்த்து உடைத்துவிடக் கூடாது. வளரும் பெண் பிள்ளைகளிடம் இரைப்பை முழுவதும் தலைமுடி சேர்ந்து கெட்டியான கட்டியாவதும் உண்டு. முடியைக் கடித்து விழுங்கும் பழக்கத்தால் வருவது இது. அறுவை செய்து எடுத்த பிறகு, திட்டாமல் மனநல மருத்துவரிடமும் அழைத்துப் போக வேண்டும்.

நீவிவிடுவதைப் பற்றிக் கேட்காமலேயே சொல்லிவிடுகிறேன். குடல் ஏற்றம் என்று ஊரில் சொல்லும் பிடிப்புக்கு எண்ணெய் தடவுவதில் எனக்குச் சண்டை இல்லை. கையில் தட்டுகிற கட்டியை நீவுவதும், அதன்மேல் சூடு போடுவதும் வேறு விஷயம். சீழோ நீர்ப்பையோ மண்ணீரலோ உடையலாம், சிக்கியிருக்கும் குடலிறக்கம் நசுங்கலாம்; இவை எதுவும் நடக்காவிட்டாலும், குறைந்துவிடும் என்று காத்திருந்த மாதங்கள் திரும்ப வாரா. பெரியவரிடம் மரியாதையாகச் சொல்லி நிறுத்திவிடுங்கள்.

இரத்த வாந்தி, கறுத்த மலம், கட்டி உள்ளே போகாமல் கடுமையாக வலித்து வாந்தி வருவது, துடிக்கும் கட்டியோடு திடீர் முதுகுவலி, மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினால் மறுநாள் வரை பொறுக்காமல் 108ஐ அழையுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கும் நேரத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். இவை இல்லையென்றால், ஏற்காடு அரசு மருத்துவமனையில் முதலில் காட்டி, பரிந்துரைக் கடிதம் பெற்று, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சை வெளிநோயாளர் பிரிவுக்குக் காலையிலேயே வரலாம். அங்கே தொட்டுப் பார்த்து, இரத்தப் பரிசோதனையும் அல்ட்ராசவுண்டும் எழுதுவார்கள். அதன் முடிவைப் பார்த்துத்தான் சி.டி. ஸ்கேன், எண்டோஸ்கோபி, ஊசிப் பரிசோதனை என்று அடுத்தது தீர்மானமாகும். அல்ட்ராசவுண்டில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும், பசியும் எடையும் குறைந்துகொண்டே போனால் எண்டோஸ்கோபியை விட்டுவிட வேண்டாம். காற்று நிறைந்த இரைப்பையை அல்ட்ராசவுண்ட் சரியாகக் காட்டாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். அட்டை இல்லையென்றால், வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் ஆதாரும் கையோடு எடுத்து வந்து, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

வரும் அன்று 6 முதல் 8 மணி நேரம் அவர் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். விடியற்காலைக் காபியும் கூடாது. சாப்பிட்டுவிட்டால் பித்தப்பை சுருங்கி, ஸ்கேனில் சரியாகத் தெரியாது. இரத்த அழுத்த மாத்திரையைச் சிறிது தண்ணீரில் விழுங்கலாம். சர்க்கரை மாத்திரையை மட்டும் சாப்பாட்டோடு சேர்த்து எடுத்துக்கொள்ளும்படி கையில் கொண்டுவாருங்கள். ஸ்கேன் முடிந்ததும், வெறும் வயிற்றோடு இருக்கும்போதே அன்றைக்கே எண்டோஸ்கோபியும் செய்ய முடியுமா என்று கேட்டுவிட்டு, அதன்பிறகு அவரைச் சாப்பிடச் சொல்லுங்கள்.